இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கிடையே மாணவர் இடமாற்றம்: 1972 – 1984

1972ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையின் பல்கலைக்கழகங்களை ஒரே பல்கலைக்கழகத்தின் வளாகங்களாக்கியது. 1974இல் யாழ்ப்பாண வளாகமும் தோன்றியது. அவ்வமைப்பில் இடமாற்றம் என்பது, சட்ட நோக்கில், ஒரு நிறுவனத்துக்குள் நிகழும் நகர்வே. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையை மாற்றியது. வளாகங்கள் தனிப் பல்கலைக்கழகங்களாயின. மாணவர் அனுமதியோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் மையப்பட்டது. மாணவரைப் பகிர்ந்தளித்தது ஓர் ஆணைக்குழு. பின்னர் இடம்மாற வேண்டின் இரு பல்கலைக்கழகங்கள் இடைப்பட்டன.

இதன் கடுமை 1983இல் வெளிப்பட்டது. மே மாதத்தில் பேராதனையில் தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். ஜூலை வன்முறைக்குப்பின் தென்னிலங்கைக்குத் திரும்ப அஞ்சியோர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கோரினர். கலை, விஞ்ஞான மாணவருக்கு அங்குப் பீடங்கள் இருந்தன. மருத்துவக் கல்வியும் 1978இலேயே தொடங்கியிருந்தது. பொறியியல், விவசாய மாணவருக்குச் சேர்வதற்குப் பீடமே இல்லை. 1984 ஜனவரியில் மாணவர் சிலர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் சாகும்வரை உண்ணாநோன்பு மேற்கொண்டதை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். பாதுகாப்புக் கோரிக்கை என்ற அளவில் அது எளிதில் விளங்கும். நிருவாக நோக்கில், இல்லாத பீடத்துக்கு எவ்வாணையாலும் மாணவரை மாற்ற இயலாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் விவசாயபீடத்தைப் பெற்றது 1990இல். பொறியியற்பீடத்துக்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.