மாணவனுக்கென ஓர் அகராதி

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்காக, ஒரு சொல்லின் பொருளை அதனினும் எளிய ஆங்கிலச் சொற்களால் வரையறுத்து, அது வழங்கும் முறையை எடுத்துக்காட்டு வாக்கியத்தால் உணர்த்தும் அகராதி, இன்று எந்தப் பள்ளி நூலகத்திலும் காணக்கிடைக்கிறது. ஆயினும் அதற்கு இன்னும் நூறு வயது நிறையவில்லை. அதற்கு வித்திட்ட இடமும் இங்கிலாந்து அன்று. டாக்காவிலும் டோக்கியோவிலும் பாடம் நடத்திய ஆசிரியர்கள், தம் மாணவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை நாள்தோறும் பார்த்ததன் பயனாக அது உருவாயிற்று.

அதற்கு முன் ஆங்கிலத்தில் அகராதிகள் இல்லாமலில்லை. ராபர்ட் காட்ரி 1604இல் வெளியிட்ட சிறு நூல் அரிய சொற்களுக்கு மட்டும் பொருள் கூறியது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட பேரகராதி 40,000க்கு மேற்பட்ட சொற்களை விளக்கி, ஷேக்ஸ்பியர், மில்டன், டிரைடன் முதலியோரிடமிருந்து லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களைத் தந்தது. ஆனால் அம்மேற்கோள்கள், இன்ன சொல் இன்ன பொருளில் நல்லாசிரியரால் ஆளப்பட்டிருக்கிறது என்பதற்கான சான்றுகளே தவிர, படிப்பவர் தாமும் அவ்வாறு எழுதப் பழகுவதற்கான முன்மாதிரிகள் அல்ல. வரையறைகளின் நிலையும் அத்தகையதே. வலைப்பின்னலைக் குறிக்கும் ‘நெட்வொர்க்’ என்ற எளிய சொல்லை விளக்க ஜான்சன் ‘ரெட்டிகுலேட்டட்’, ‘டெகஸ்ஸேட்டட்’ என்னும் லத்தீன் வழிச் சொற்களைக் கையாண்டார். மொழியை முன்பே அறிந்தவர்க்கு அது துல்லியம், அறியாதவர்க்கோ ஒரு பூட்டைத் திறக்க இரண்டு பூட்டுகள் கொடுத்தது போன்றது.

இந்த இடர்ப்பாட்டை நேராக எதிர்கொண்டவர் மைக்கேல் வெஸ்ட். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், வங்காளச் சிறுவர்களின் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்து 1926இல் வெளியிட்ட நூலில், அவர்களுக்கு முதலில் வேண்டுவது தாமே படித்துப் புரிந்துகொள்ளும் ஆற்றல் என வாதிட்டார். பாடநூல்களில் அருகிய வழக்குச் சொற்களை நீக்கி, புதுச் சொற்களை ஒரே பக்கத்தில் குவிக்காமல் இடைவெளிவிட்டு அறிமுகப்படுத்தியது அவர் கண்ட வழி. இதன் தொடர்ச்சியாக, ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் சேர்ந்து அவர் 1935இல் வெளியிட்ட ‘நியூ மெத்தட் இங்கிலீஷ் டிக்ஷனரி’, 24,000க்கு மேற்பட்ட சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களுக்குள் நின்று விளக்கியது. இவ்வாறு வரையறைகளை எழுதுவதற்கென முன்கூட்டியே வரம்பிட்டுக்கொண்ட சொற்பட்டியல் ‘வரையறைச் சொற்றொகுதி’ எனப்படும். அந்த 1,490 சொற்களைக் கற்ற மாணவன் யார் துணையுமின்றி மற்றவற்றைத் தெரிந்துகொள்ளலாம் என்பது, ஆசிரியர்களும் நூல்களும் குறைவாயிருந்த ஊர்களை எண்ணிப் பார்த்தால், மிகுந்த கருணை கொண்ட ஏற்பாடு என்றே கூற வேண்டும்.

வெஸ்டின் அகராதி படிப்பவனுக்கு உதவியது. எழுத முனைபவனுக்கு அது போதவில்லை. ஒரு சொல்லின் பொருளை நன்கறிந்தும் அதை வாக்கியத்தில் வைக்கத் தெரியாமல் தடுமாறும் நிலையைத் தமிழ் மாணவரிடத்தும் காணலாம். ‘எனக்குச் சொல்’, ‘எனக்கு விளக்கு’ என்ற இரண்டும் தமிழில் ஒரே அமைப்புடையவை. ஆங்கிலத்தில் ‘டெல் மீ’ சரி, ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ பிழை. இடையில் ‘டு’ வந்தாக வேண்டும். ‘அறிவுரைகள்’ என்று பன்மையில் கூறிப் பழகியவர் ‘அட்வைசஸ்’ என எழுதுவது இயல்பு, ஆனால் ஆங்கிலம் அறிவுரையை எண்ணுவதில்லை. ‘தவறு செய்தான்’ என்பதைப் பெயர்க்கும்போது ‘செய்’ என்றதும் ‘டூ’ என்பதே கைக்கு வரும். ஆங்கில வழக்கோ ‘மேக்’ என்பதை நாடுகிறது. இந்த மூன்று பிழைகளிலும் பொருளறிவில் குறையில்லை, ஆகவே எத்தனை எளிய வரையறையும் இவற்றைத் தடுக்காது.

இக்குறையை நீக்கும் வேலை ஜப்பானில் நடந்தது. 1922இல் அங்கு அழைக்கப்பட்ட ஹெரால்ட் பாமர், அடுத்த ஆண்டு டோக்கியோவில் தொடங்கிய ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமையேற்று, இன்ன சொல்லோடு இன்ன சொல்லே சேரும் என்ற வழக்குகளை, அதாவது சொற்சேர்க்கைகளை, திரட்டி 1933இல் அறிக்கையாக வெளியிட்டார். அப்பணியில் அவருக்குத் துணைநின்றவர் ஏ.எஸ். ஹார்ன்பி. கியூஷு தீவிலுள்ள ஓயித்தாவில் 1924 முதல் ஆங்கிலம் கற்பித்துவந்த அவர், பாமர் 1936இல் நாடு திரும்பிய பின், கேட்டன்பி, வேக்ஃபீல்ட் என்னும் இரு ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு புதிய அகராதியை உருவாக்கினார். அதில் ஒவ்வொரு வினையும் எத்தகைய வாக்கிய அமைப்பில் வரும் என்பது 25 வினையமைப்புகளாக வகுக்கப்பட்டு, வினைகளுக்கு அமைப்பெண் தரப்பட்டது. பெயர்கள் எண்ணத்தக்கவை, எண்ணத்தகாதவை எனப் பிரித்துக் காட்டப்பட்டன. எடுத்துக்காட்டு வாக்கியங்களுள் பெரும்பாலானவை ஆசிரியர்களே இயற்றிய குறுகிய அன்றாட வாக்கியங்கள், ஏனெனில் அவற்றின் வேலை சான்று பகர்வதன்று, பின்பற்றத்தக்க அச்சாக நிற்பது. ஜான்சனின் மேற்கோளுக்கும் ஹார்ன்பியின் எடுத்துக்காட்டுக்கும் உள்ள இந்த வேறுபாடே மாணவர் அகராதியின் வரலாற்றில் தலையாய திருப்பம்.

அகராதி வெளிவருமுன் போர் மூண்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் பிரிட்டனோடு பொருதத் தொடங்கியதும் ஹார்ன்பி காவலில் வைக்கப்பட்டு, 1942இல் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். பகைநாட்டவர் தொகுத்த அந்த ஆங்கில அகராதியை அதே 1942இல் டோக்கியோவின் கைதாகுஷா பதிப்பகம் வெளியிட்டது போற்றத்தக்க செயல். போர் ஓய்ந்தபின் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதைத் தன் பெயரில் மறுபதிப்புச் செய்தது. ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ என்ற பெயரில் பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய அகராதி இதன் வழிவந்ததே.

அடுத்த அரை நூற்றாண்டில் இரு மரபுகளும் இணைந்தன. 1978இல் வெளிவந்த லாங்மேன் அகராதி, வெஸ்டின் முறையைப் பின்பற்றி, சுமார் 2,000 சொற்களுக்குள் வரையறைகளை அடக்கியது. இம்முறைக்கும் எல்லை உண்டு: ‘புட்’, ‘அப்’, ‘வித்’ மூன்றும் எளிய சொற்களே எனினும், மூன்றும் சேர்ந்து ‘பொறுத்துக்கொள்’ எனப் பொருள்படுவதைத் தனித்தனிச் சொல்லறிவு உணர்த்தாது. 1987இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான ‘கோபில்ட்’, தரவகத்தை, அதாவது கணினியில் திரட்டிய உண்மையான எழுத்தும் பேச்சும் அடங்கிய பெருந்தொகுதியை, அடிப்படையாகக் கொண்டது. அது இயற்றப்பட்ட வாக்கியங்களைத் தள்ளி, வழக்கில் கண்ட வாக்கியங்களையே எடுத்துக்காட்டாக்கியதோடு, ‘ஒருவர் இவ்வாறு செய்தால்’ எனத் தொடங்கும் முழு வாக்கியத்தாலேயே வரையறையும் தந்தது. வழக்கிலிருந்து எடுத்த வாக்கியம் நம்பத்தகுந்ததுதான். ஆனால் முன்பின் தொடர்பு அறுந்து நிற்கும்போது அது தொடக்கநிலை மாணவனைக் குழப்பக்கூடும், அங்கே ஹார்ன்பியின் எளிய வாக்கியமே கைகொடுக்கிறது.

தமிழ் அகராதிகளும் இதையொத்த மாற்றத்தைக் கண்டன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், ஜான்சனைப் போலவே இலக்கிய மேற்கோள்களைச் சான்றாகத் தந்தது. 1992இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யோ இக்கால உரைநடை வழக்கைத் தரவாகக் கொண்டு, இலக்கணக் குறிப்பு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், அன்றாட நடையில் எடுத்துக்காட்டு வாக்கியம் எனச் சொற்பதிவை அமைத்தது. 2008இல் விரிவாக்கிய பதிப்பு வந்தது. அடுத்த பதிப்பு வெளிவந்த 2020 நவம்பரிலேயே, அதற்காகப் பல பத்தாண்டுகள் உழைத்த பதிப்பாளர் க்ரியா ராமகிருஷ்ணன் காலமானார்.