விருந்தாளியின் மகன் எடுத்த படம்

ஒரு கலைப்படைப்பு பிறப்பதற்கு முன்பே அதன் வரலாறு பிறந்துவிடுகிறது. ஃபாத்தி அக்கின் இயக்கி, 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சுவர்மீது மோதி’ எனப் பொருள்படும் துருக்கிய - ஜெர்மானியத் திரைப்படம் இதற்குத் தக்க சான்றாகும்.

1961 அக்டோபர் 30ஆம் நாள், மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்ட காலம் அது. வந்தோரை ‘விருந்தாளித் தொழிலாளர்’ என்றழைத்தனர். ஈராண்டு உழைத்தபின் ஊர் திரும்ப வேண்டும் என்பதே தொடக்க கால விதி. விருந்தாளிக்கு வீட்டில் உரிமை ஏது? 1964இல் அவ்விதி நீங்கிற்று. மனைவி மக்களும் நாளடைவில் வந்து சேர்ந்தனர். 1973 நவம்பரில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது.

கதவு திறந்த 1961இல் துருக்கியில் பிறந்து, சிறுவனாக ஜெர்மனிக்கு வந்தவர் படத்தின் நாயகன் பிரோல் ஊனெல். கதவு மூடிய 1973இல் துருக்கியப் பெற்றோர்க்கு ஹம்பர்க் நகரில் பிறந்தவர் இயக்குநர் அக்கின். இது தற்செயலே, எனினும் பொருள் பொதிந்த தற்செயல்.

நாயகியைத் தேடிய கதையும் சுவையானது. கொலோன் நகரின் அங்காடி ஒன்றில் படக்குழுவினர் கண்ணில் பட்டவர் சிபெல் கெக்கில்லி. நடிப்புப் பள்ளியில் பயிலாத அவரே, வீட்டுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடப் பெயரளவில் மணம் புரியும் பெண்ணாக நடித்துப் புகழ் பெற்றார்.

படப்பிடிப்பு ஹம்பர்க்கிலும் இஸ்தான்புல்லிலும் நிகழ்ந்தது. கதைமாந்தர் இரு மொழிகளையும் கலந்தே பேசுகின்றனர். புலம்பெயர்ந்தோர் வீட்டுப் பேச்சு அதுவன்றோ! இடையிடையே இஸ்தான்புல் நீர்க்கரையில் கம்பளம் விரித்து, செலிம் செஸ்லரின் கிளாரினெட் குழுவினர் இசைக்க, இடில் ஊனர் துருக்கியப் பாடல் பாடுகிறார். பண்டைய கிரேக்க நாடகத்துப் பாடற்குழுவைப் போல, அவ்விசை கதையை அங்கங்களாகப் பிரிக்கிறது.

1986இல் தெவ்ஃபிக் பாஷர் எடுத்த ‘நாற்பது சதுர மீட்டர் ஜெர்மனி’ என்னும் படத்தில், ஹம்பர்க் வீடொன்றில் கணவனால் பூட்டிவைக்கப்பட்ட துருக்கியப் பெண்ணைக் கண்டோம். பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின், அக்கினின் நாயகி அச்சுவரை உடைத்து வெளியேறுகிறாள். அதற்குரிய விலையையும் கொடுக்கிறாள்.

2004 பெர்லின் திரைப்பட விழாவில் இப்படம் தங்கக் கரடி விருதை வென்றது. அதற்குமுன் ஜெர்மானியப் படமொன்று அவ்விருதைப் பெற்றது 1986இல்தான். ஜெர்மனியின் பெயரால் விருதேற்றவர், ஒருகாலத்தில் விருந்தாளி எனப்பட்டோரின் மகன்!

மாணவர்களே, உழைக்க வந்தோர் கைகளை மட்டும் கொண்டுவருவதில்லை. மொழியையும் பாட்டையும் மனப்புண்களையும் உடன் கொணர்கின்றனர். அவற்றைத் தம் பெயரில் சொல்லும் நாளில்தான் விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிறான்.