ரோமாபுரி வெயிலும் சித்தூர்ப் போரும்

வேலூரிலிருந்து சித்தூர் போகும் சாலையில் குடிபாலாவைக் கடக்கும்போது கண்ணுக்கு எட்டும் தூரத்தில் குன்றுகள் தெரியும். நிலக்காட்சி ஓவியர் எவரும் ஆசைப்படக்கூடிய பூமி. வில்லியம் ஹாட்ஜஸுக்கு அது வாய்க்கவில்லை.

ஹாட்ஜஸ் லண்டன்காரர். அவருடைய குரு ரிச்சர்ட் வில்சன், வேல்ஸில் பிறந்தவர். 1750இல் இத்தாலி போன வில்சன் அங்கே உருவப்பட வேலையைக் கைவிட்டு, மலையும் நீரும் வெயிலும் வரையத் தொடங்கினார். அவருக்கு முன்பே ரோமில் தங்கி வரைந்து புகழ்பெற்றவர் லொரேன் நாட்டுக்காரரான குளோத். ஓரத்தில் கருநிழல் மரம், நடுவே நீர், தொலைவில் பொன்னொளியில் கரையும் மலை: குளோத் வகுத்த இந்த அமைப்பு வில்சன் வழியாக ஹாட்ஜஸின் கைக்கு வந்தது. கேப்டன் குக்கின் இரண்டாவது பயணத்தில் பசிபிக் தீவுகளை வரைந்த அனுபவத்தோடு, 1780இல் அவர் மெட்ராஸில் இறங்கினார்.

அதே ஆண்டு ஜூலையில் மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் படை, மெட்ராஸும் சித்தூரும் அடங்கிய அன்றைய கர்நாடகப் பகுதிக்குள் பாய்ந்தது. ஹாட்ஜஸால் மெட்ராஸ் வட்டாரத்தைத் தாண்டி உள்நாட்டுக்குள் போக முடியவில்லை. 1781இல் வங்காளத்துக்குக் கப்பலேறினார். கங்கைக் கரைக்குக் கிடைத்த அவருடைய தூரிகை நம் பாறைகளுக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. 1782 டிசம்பரில் ஹைதர் சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் உயிர்விட்டார். போர் அதன் பிறகும் நீண்டது.

ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் பின்னர் மூண்ட இன்னொரு போரை 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை முடித்துவைத்தது. அடுத்த மாதமே ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் மெட்ராஸிலிருந்து மைசூர் நோக்கிப் புறப்பட்டார்கள். ராயக்கோட்டை, திருச்சி மலைக்கோட்டை, மதுரை, பாபநாசம் அருவி, தஞ்சைப் பெரிய கோயில் என்று வரைந்துகொண்டே போனார்கள். வெளிக்காட்சியை வில்லை வழியே காகிதத்தில் விழச்செய்யும் ‘கேமரா அப்ஸ்க்யூரா’ அவர்களிடம் இருந்தது. அதனால் கோபுரங்களின் அளவு பெரும்பாலும் பிசகவில்லை. ஆனால் வெயிலை உணர்ந்து வரைந்ததில் ஹாட்ஜஸே பெரியவர் என்பேன்.

லண்டன் திரும்பியபின் 1795 முதல் 1808 வரை டேனியல்கள் வெளியிட்ட 144 அச்சுப்படங்களும் பெரும்புகழ் பெற்றன. ஹாட்ஜஸோ ஓவியத்தை விட்டு டார்ட்மத் ஊரில் வங்கித் தொழிலில் கூட்டுச் சேர்ந்தார். 1797இல் அந்த வங்கி முறிந்தது. அதே ஆண்டு அவரும் இறந்தார்.