மண்ணெண்ணெய்க்கு வைத்த ரைமிங்

வன்னியில் வளர்ந்த எங்கட வயதுக்காரர் எல்லாரும் கேட்ட கதை ஒன்று இருக்கு. பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, ஆனாலும் எங்கட ஆக்கள் மண்ணெண்ணெயில் கார் ஓடினவை. 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றபோதும் யாராவது ஒரு பெரியவர் இதைச் சொல்லிவிட்டு, "உங்களால ஏலுமே?" என்று சிரிப்பார். நாங்களும் சிரிப்பம். கதை அதோட முடிஞ்சிடும்.

கார் எப்படி ஓடினது, எதை மாத்தினவை, மாத்தினதுக்கு எஞ்சின் என்ன விலை குடுத்தது எண்டு ஒருத்தரும் கேக்கிறதில்லை. நானும் கேட்டதில்லை. போன வருசம் உடையார்கட்டில் சொந்தக்காரர் ஒருவரின் வானுக்கு ரைமிங் பெல்ற் மாத்தி, அது பிழைச்சு, அதைத் திருத்த ஒரு கராஜ் வாசலில் இரண்டு நாள் குந்தியிருந்தபோதுதான் கேக்கத் தொடங்கினன்.

முதலில், ரைமிங் எண்டா என்ன? 1876இல் ஜேர்மனியில் நிக்கொலஸ் ஒட்டோ ஓட்டிக்காட்டிய எஞ்சினின் முறைதான் இன்றைக்கும் பெரும்பாலான வாகனங்களுக்குள் இருக்கு. உறிஞ்சுறது, அமுக்குறது, எரிக்கிறது, புகையை வெளியில தள்ளுறது என்று நாலு வேலை. இதைச் செய்து முடிக்க, பிஸ்ரன்களோடு சேர்ந்து சுத்துற கிராங் இரண்டு சுத்துச் சுத்தும். வால்வுகளைத் திறந்து மூடுற காம் ஒரு சுத்துச் சுத்தும். இரண்டையும் பல்லுச்சில்லோ செயினோ பெல்ற்றோ பிணைச்சு வைச்சிருக்கும். இது வால்வு ரைமிங். எந்தப் பல் எந்தப் பல்லோட நிக்கவேணும் என்று தொழிற்சாலையிலேயே புள்ளி போட்டு அனுப்புவினம். அதில பேச்சுக்கு இடமில்லை.

பெற்றோல் எஞ்சினில் இன்னொரு ரைமிங்கும் இருக்கு. பிளக்கில் தீப்பொறி எந்த நேரத்தில் விழவேணும் என்பது. பழைய கார்களில் டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினால் தீப்பொறி முந்தும் அல்லது பிந்தும். லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர்கள் பலவற்றில் இதுக்கென்றே கையால் திருகுற ஒரு சின்னத் திருகு இருந்தது. அதில் ஒரு பக்கம் 'ஏ', மற்றப் பக்கம் 'ஆர்'. ஏ என்றால் முந்தும், ஆர் என்றால் பிந்தும். எங்கட மண்ணெண்ணெய் வரலாற்றின் பெரும்பகுதி இந்த ஆர் பக்கத்தில்தான் நடந்தது.

1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கின பிறகு வடக்குக்குப் பெற்றோல், டீசல், பற்றரி என்று பல பொருட்கள் வர விடப்படவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுமட்டாக, கூடின விலைக்குக் கிடைச்சது. அந்தக் காலத்தில் றோட்டில் மிஞ்சினது மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40 மாதிரியான பழைய ஆங்கிலேயக் கார்கள். பழைய காருக்கு எங்கட சனம் விசுவாசம் என்று இதைச் சொல்லுறது உண்டு. காரணம் அது இல்லை. அந்த எஞ்சின்கள் காற்றையும் எரிபொருளையும் அமுக்குற அளவு குறைவு. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெற்றோலை விடச் சரியாகக் குறைவு என்பதால் கூட அமுக்கினால் அது தன்பாட்டில் நேரத்துக்கு முந்தி எரியும். அதுதான் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று கேக்கிற நொக். அமுக்கம் கூடின புது எஞ்சின் இதைத் தாங்காது. பழையது கொஞ்சம் தாங்கும். அதுவும் தீப்பொறியைப் பிந்த வைச்சால்தான்.

அதனால் டிஸ்ரிபியூட்டரை ஆர் பக்கம் திருப்பினவை. எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, ஏனென்றால் புத்தகம் பெற்றோலுக்கு எழுதினது. ஓடவிட்டு, நொக் அடங்குற இடத்தைக் காதால கேட்டு இறுக்கினவை. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே தொடங்கிறதுக்கு மட்டும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தினவை.

இந்த முறை வன்னியில் பிறந்ததில்லை. பிரித்தானியாவின் கொவென்றியில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சாம்பல் நிறப் பேர்குசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகை, மண்ணெண்ணெய்க்குக் கிட்டின மலிவான எண்ணெயில் ஓடுறதுக்கென்றே வந்தது. அதையும் பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மாத்தவேணும். அங்கத்தைய கமக்காரர் பலருக்கு அது அன்றாட வேலை. ஒரு வித்தியாசம்தான். அவைக்கு அமுக்கத்தைக் குறைச்சு, எண்ணெயை ஆவியாக்கச் சூடு குடுத்து, அந்த எரிபொருளுக்கென்றே எஞ்சினைச் செய்து குடுத்தது தொழிற்சாலை. எங்களுக்கு ஒருத்தரும் செய்து தரவில்லை. பெற்றோலுக்குச் செய்ததை மண்ணெண்ணெயில் ஓடவேண்டி வந்தது.

அதுக்கு விலை இருந்தது. தீப்பொறி பிந்தினால் இழுவை குறையும், எரிபொருள் கூடச் செலவாகும், வெளியேறுற புகை கூடச் சூடாகி வால்வைத் தின்னும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். உள்ளுக்கு கரி படியும். அதாவது அந்தக் கார்கள் ஓடின ஒவ்வொரு மைலும் எஞ்சினின் ஆயுளில் இருந்து எடுத்தது. அது ஓடினவைக்கும் தெரியும்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு. ஏப்ரலில் ஏ-9 பாதை திறந்தது. பெற்றோல் வந்தது, ஆர் பக்கம் நின்ற திருகுகள் ஏ பக்கம் வந்தன. அதோட யப்பான் வான்களும் கூட வரத் தொடங்கின. அவற்றில் பலவற்றுக்குள் இருந்தது பழைய ஆக்கள் அதிகம் பழகாத ஒரு சாமான்: ரப்பரில் செய்த, பல்லு வைச்ச பெல்ற்.

அந்தப் பெல்ற்றின் பிறப்பு எங்கட வீடுகளுக்குக் கிட்டத்தான். 1940களில் அமெரிக்காவில் றிச்சர்ட் கேஸ் என்பவர் அதை உருவாக்கினது சிங்கர் தையல் மெசினுக்கு. மேல ஊசியும் கீழ நூலும் ஒரே கணக்கில் சுத்தவேணும், வழுக்கக்கூடாது. 1962இல் ஜேர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன்ர 1004 காரில் காமைச் சுத்த இதைப் போட்டது. கிளாஸ் அதுக்கு முதல் விதை விதைக்கிற இயந்திரம் செய்த நிறுவனம். பெல்ற் மலிவு, சத்தம் குறைவு, ஒயில் வேண்டாம். ஆனால் செயின் மாதிரித் தேய்ஞ்சு சத்தம் போட்டு எச்சரிக்காது. திடீரென்று அறும். அதனாலதான் ரொயோட்டா ஹயஸ் டீசல் வான்களில் 100,000 கிலோமீற்றர் வந்ததும் பெல்ற்றை மாத்தச் சொல்லி ஒரு விளக்கு எரியும்.

இனி எங்கட வானுக்கு வாறன். விளக்கு எரிஞ்சது, வேறொரு இடத்தில் பெல்ற்றை மாத்தினவை. அதுக்குப் பிறகு கறுப்புப் புகை, பாரம் ஏத்தினால் இழுக்காது. ஊரில் இருக்கிற கராஜ் மாமாவிடம் கொண்டுபோனம். 90களில் மண்ணெண்ணெய்க் கார்களில் தொழில் பழகினவர். டீசலில் டிஸ்ரிபியூட்டர் இல்லை. ஆனால் டீசலைப் பீச்சுற பம்பைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பலாம். அவர் அதைத்தான் செய்தார். காதைக் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இறுக்கினார். சத்தம் நல்லா வந்தது. வான் இழுக்கவில்லை.

அடுத்த நாள் மூடியைக் கழட்டினார். இந்த எஞ்சினில் கிராங், காம், பம்ப் மூன்றையும் ஒரே பெல்ற் சுத்தும். முதலாவது பிஸ்ரன் மேல வந்து நிக்கும்போது மூன்று புள்ளியும் அதது இடத்தில் நிக்கவேணும். இரண்டு நின்றது. காம் ஒரு பல் பிந்தி நின்றது. ஒரு பல் என்பது சின்ன விசயமில்லை. 20 பல் உள்ள சில்லென்றால் ஒரு பல் 18 பாகை. இன்னும் சில பல் தவறியிருந்தால் வால்வில் பிஸ்ரன் அடிச்சு எஞ்சின் முடிஞ்சிருக்கும்.

மாமா பெல்ற்றைக் கழட்டி, புள்ளிகளுக்கு வைச்சுப் போட்டார். இழுவைச் சில்லை விட்டு இறுக்கினார். பிறகு சாவி போடாமல் கிராங்கைக் கையால இரண்டு முழுச் சுத்துச் சுத்தினார். ஏன் இரண்டு எண்டு கேட்டன். "அப்பதான் காம் ஒரு சுத்து முடிக்கும். திரும்பப் புள்ளிக்கு வந்து நிண்டாத்தான் சரி. உதுக்குக் காது சரிவராது தம்பி, பார்த்துத்தான் போடோணும்." முதல் நாள் தான் பம்பில் கை வைச்சது பிழை என்றும் அவரே சொன்னார்.

அதுக்குப் பிறகுதான் மண்ணெண்ணெய்க் காலத்தைப் பற்றிக் கேட்டன். அவர் சிரிக்கவில்லை. "வேற வழி இருந்தா ஆர் அப்பிடிச் செய்வினம்? எஞ்சின் நாசமாப் போகும் எண்டு தெரிஞ்சுதான் திருப்பினது. உள்ளுக்க வருத்தக்காரர் இருப்பினம்." அவ்வளவுதான் சொன்னார்.

நாங்கள் கெட்டித்தனம் என்று கொண்டாடுறது அவருக்கு ஒரு நட்டக்கணக்கு. ஒரு பொருளை மறிச்சுவைச்சது ஒரு அரசு. அந்த நட்டத்தை வால்விலும் வளையத்திலும் சுமந்தது சனம். கதையைப் பெருமையாக மட்டும் சொல்லும்போது மறிச்சவரின் பங்கு கதையில் இருந்து போயிடுது. "தடை போட்டும் சமாளிச்சினம்தானே" என்று சொல்லுறவைக்கு அது வசதி.

இன்னொரு இழப்பும் இருக்கு. 2009 ஜனவரி 21 அறிவிக்கப்பட்ட முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. பரந்தன்–முல்லைத்தீவு றோட்டால உழவு இயந்திரங்களிலும் வான்களிலும் வீட்டுச் சாமான்களோடு சனம் வந்து சேர்ந்தது. அங்கயும் எறிகணை விழுந்தது. பிறகு இன்னும் கிழக்காலப் போகப் போக வாகனங்களை விட்டுவிட்டு நடந்தவை. அவற்றில் மிஞ்சினது பழைய இரும்பாகப் போனது. ஆர் பக்கம் திருப்பி ஓடின ஒரு காரை இன்றைக்குக் காட்டச் சொன்னால் எங்க போவம்? கார் போனது, கார் திருத்தினவையிலும் எத்தனையோ பேர் போனவை. மிஞ்சினவைக்கு இப்ப அறுபது, எழுபது வயது.

அதனால் அடுத்த முறை யாராவது அந்தக் கதையைத் தொடங்கினால் சிரிச்சுப்போட்டு விடாதேங்கோ. எந்தக் கார், எந்தப் பக்கம் திருப்பினீங்கள், எவ்வளவு, எஞ்சின் எத்தனை மாதம் தாங்கினது, பிறகு எதால திருத்தினீங்கள், ஆரை ஏத்திக்கொண்டு போனீங்கள் என்று கேளுங்கோ. நான் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறன். முதல் பக்கத்தில் இருக்கிறது கராஜ் மாமா சொன்ன அந்த மூன்று வரிதான்.