இருமாவும் நாலுமாவும்

பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா கர்ணமாக, அதாவது ஊர்க் கணக்கராக, இருந்தார். 1980-ல் அரசு அந்தப் பதவியையே எடுத்துவிட்டது. மா, காணி, முந்திரி என்ற பழைய பின்னங்கள் மட்டும் அவர் வாயை விட்டுப் போகவில்லை. “இருமாவும் நாலுமாவும் சேந்தா எம்புட்டுல?” என்பார். காலேமா என்று சொல்ல வேண்டும். பத்தில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் பிசிறில்லாமல் சேரும்.

முந்திரி என்பது 1/320. ஆறு இரண்டையும் ஓர் ஐந்தையும் பெருக்கினால் 320. அரை, கால், அரைக்கால், மா எல்லாம் அதில் மீதியின்றி அடங்கும். கணினிக்கோ இரண்டின் அடுக்குகள் மட்டும்தான். பத்தில் ஒன்று அதில் முடிவதே இல்லை. ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். அதனால்தான் 0.1-உம் 0.2-உம் சேர்ந்தால் பைத்தான் நிரல்மொழியில் 0.30000000000000004 வருகிறது.

இந்த வால் நிரல்களைச் சோதிக்கும்போதும் தொல்லை தரும். கையேட்டில் இருக்கும் உதாரணங்களையே ஓட்டிப் பார்த்து, விடை அச்சிட்டபடி வருகிறதா என்று சோதிக்கும் டாக்டெஸ்ட்டை டிம் பீட்டர்ஸ் 1999-ல் எழுதினார். 2001-ல் அது பைத்தானோடு சேர்ந்தது. அது ஒப்பிடுவது எண்ணை அல்ல, எழுத்தை. 2009-ல் பைத்தான் 3.1, அதுவரை 0.10000000000000001 என்று காட்டிய எண்ணை 0.1 என்று காட்டத் தொடங்கியது. உள்ளே இருந்த மதிப்பு மாறவில்லை. 2018-ல் நம்பை என்ற எண்கணக்கு நிரலகத்தின் 1.14 பதிப்பு அச்சிடும் முறையை மாற்றியபோது பலருடைய சோதனைகள் விழுந்தன. பழைய பாணியில் அச்சிடவும் அதிலேயே வழி வைத்திருந்தார்கள்.

விழுந்த சோதனையில் புது விடையை அப்படியே ஒட்டிவிட்டுப் போகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. எத்தனை இலக்கம் வரை நமக்குப் பொருள் உண்டு என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்க வேண்டும். இலக்கங்கள் பொருளைத் தாண்டிப் போவது புதிதல்ல. இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வேலியில் 1/52,42,88,00,000 பங்கு வரை நிலக்கணக்கு போகிறது. வேலி சுமார் ஆறரை ஏக்கர் என்றால் அந்தப் பங்கு ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். எந்தக் கோலும் அதை அளந்திருக்காது. 320-ஐ நான்கு முறை பெருக்கி, மேலும் ஐந்தால் பெருக்கினால் அந்தக் கீழெண் வருகிறது. ஆகவே அது வகுத்ததில் பிறந்த எண் என்றே நினைக்கிறேன்.

பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் இப்போது ‘நம்பர்’ என்றொரு குறி இருக்கிறது. கையேட்டில் எத்தனை தசம இலக்கம் எழுதினோமோ அத்தனையை மட்டும் அது சரிபார்க்கும். பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம் 143 அடி. அணை நீர்மட்டத்துக்காக நான் எழுதிய நிரலின் கையேட்டில் இரண்டு தசமம்தான் போட்டிருக்கிறேன். கார் சாகுபடிக்குத் தண்ணீர் எதிர்பார்க்கிறவர் மூன்றாவதைக் கேட்பதில்லை.