மிதிவண்டிப் பாதைக்கு அடியில்: ஸ்வீடன் ஏரிக்காடுகளில் ஓய்வின் வரலாறு

ஸ்வீடனின் மேற்கு எல்லையில் வெர்ம்லாந்து என்று ஒரு மாகாணம். அதன் தலைநகர் கார்ல்ஸ்டாடிலிருந்து வடக்கே ஹாக்ஃபோர்ஸ் வரை, சுமார் 90 கி.மீ. நீளத்துக்கு ஒரு மிதிவண்டிப் பாதை போகிறது. கார் கிடையாது, லாரி கிடையாது. ஆறு, ஏரி, ஊசியிலைக் காடு, நடுவே ஒரு சிற்றூர், மறுபடி காடு. குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு சாவகாசமாகப் போகலாம் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்கின்றன. பொய்யில்லை. மூச்சு வாங்கும்படியான ஏற்றம் வழியில் அநேகமாக இல்லை.

இயற்கைக்கு இவ்வளவு தாட்சண்யம் கிடையாது. ஏற்றமில்லாததற்குக் காரணம், அது ரயில் பாதை. 891 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய தண்டவாளம். உட்டேஹோல்ம் கம்பெனியின் இரும்பாலைகளுக்கும் மர ஆலைகளுக்கும் சரக்கு இழுத்த தடம். பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் திணறக்கூடாது என்று பாறையை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து மட்டமாக்கிய தரை. 1990இல் ரயில் நின்றது. பிறகு தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுத் தார் போட்டார்கள். இன்று அதன்மேல் போகிறவருடைய முழங்கால் வலிக்காமல் இருக்கிறதென்றால், மூலதனம் தன் சரக்குக்காகச் செய்துவைத்த சௌகரியம் அது.

பக்கத்து மாகாணமான டால்ஸ்லாந்திலும் கதை இதுதான். 1864 முதல் 1868 வரை கட்டிய டால்ஸ்லாந்து கால்வாய் ஏறக்குறைய 250 கி.மீ. நீளம், அதில் மனிதர் வெட்டியது 10 கி.மீ. அளவுதான், மீதியெல்லாம் ஏரிகளைக் கோத்த வழி. இரும்பையும் மரத்தையும் வெளியே கொண்டுபோக வெட்டியது. இப்போது அதில் உல்லாசப் படகுகள் போகின்றன. நான் கேட்க விரும்புவது எளிமையான ஒரு கேள்வி. 'யாருமற்ற வனம்' என்று விற்கப்படும் இந்த நிலத்தில் யார் இருந்தார்கள்?

வெர்ம்லாந்தின் வடமேற்கில், நார்வே எல்லையின் இருபுறமும் பரந்து கிடக்கும் காட்டுக்குப் பெயர் ஃபின்ஸ்கோக், அதாவது ஃபின்களின் காடு. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பின்லாந்தின் ஸவோ பகுதிக் குடியானவர்கள் இங்கே வந்து குடியேறினார்கள். ஸ்வீடன் அரசுதான் அவர்களுக்கு இடம் காட்டியது. வரி கட்டும் குடி பெருகட்டும் என்று சில வருஷம் வரி தள்ளுபடியும் கொடுத்தது. அவர்கள் கொண்டுவந்த தொழில் காடெரித்து விதைப்பது. நம் மலைகளில் புனம் என்பார்களே, அந்த வகை. வயதான தேவதாருக் காட்டை வெட்டிச் சாய்த்து நன்றாகக் காயவிடுவார்கள். பிறகு கோடையின் நடுவில் தீ வைத்து, சூடு ஆறாத சாம்பலிலேயே 'ரை' தானியத்தை மிகக் கொஞ்சமாகத் தூவுவார்கள். ஒரு விதையிலிருந்து கொத்துக்கொத்தாகத் தாள் கிளம்பும் ஒரு வகை ரை அது. அறுவடை மறு வருஷம். மண் ஓய்ந்ததும் வேறு இடம். விட்டுப்போன இடத்தில் புல் முளைக்கும், மாடு மேயும், பிறகு காடு திரும்பும். இப்படி விட்டுவந்த நிலத்துக்கு அவர்கள் மொழியில் 'அஹோ' என்று பெயர். குன்றுக்கு 'மாக்கி'. சுற்றுலா வரைபடத்தில் இன்றும் இந்த இரண்டு சொற்களில் முடியும் ஊர்ப்பெயர்கள் கிடக்கின்றன. பேசியவர்கள் இல்லை, பெயர்கள் மட்டும் இருக்கின்றன.

அழைத்த அரசே பிறகு விரட்டியது. ஏன்? இரும்பு. பதினேழாம் நூற்றாண்டு ஸ்வீடனின் போர்களுக்கும் ஏற்றுமதிக்கும் இரும்பு வேண்டும். இரும்பை உருக்கக் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். ஃபின் குடியானவன் எரித்தால் காடு 'நாசம்', இரும்பாலைக்காக அதே மரத்தை மூட்டம் போட்டு எரித்தால் 'உற்பத்தி'. 1647ஆம் ஆண்டின் வன ஆணை காடெரிப்புக்குக் கடிவாளம் போட்டது. வனப் பாதுகாப்பு என்ற சொல்லாடல் பிறக்கும்போதே அதற்குள் ஒரு உலைமுதலாளி உட்கார்ந்திருக்கிறான் என்பதைக் கவனிக்க வேண்டும். புனத்தை இழந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அதே உலைகளுக்குக் கரி சுடுபவர்களாகவும், கம்பெனிக்கு மரம் வெட்டுகிறவர்களாகவும் ஆனார்கள். எரிப்பது அவர்கள் தொழிலாகவே நீடித்தது. யாருக்காக என்பது மட்டும் மாறியது.

கரி மூட்டம் போடுகிறவனுக்கு ராத்தூக்கம் கிடையாது. மண்ணும் கிளையும் போட்டு மூடிய மரக்குவியல் வாரக்கணக்கில் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருக்கும். எங்காவது வாய் பிளந்து காற்று புகுந்தால் அத்தனையும் சாம்பல். மேலே ஏறி மிதித்து அடைக்க வேண்டும். மிதித்த இடம் உள்வாங்கினால் ஆளே உள்ளே போய்விடுவான். இந்த வாழ்க்கையை எழுதிய டான் ஆண்டர்ஸன் 1888இல் தலார்னா மாகாணத்தின் ஃபின் காட்டுப் பகுதியில் பிறந்தவர், காட்டு ஃபின் வம்சாவளி. தானும் கரி சுட்டவர். 1920இல் வேலை தேடி ஸ்டாக்ஹோம் போய் மலிவான ஓட்டல் ஒன்றில் தங்கினார். மூட்டைப்பூச்சிக்கு அடித்த சயனைடு வாயு அறையிலிருந்து சரியாக வெளியேற்றப்படவில்லை. அங்கேயே செத்துப்போனார். வயது 32. அவர் பாடல்களை இன்று ஸ்வீடனில் பாடாதவர்கள் குறைவு. அதே வெர்ம்லாந்தின் பிரபு வீட்டு மாளிகைகளையும் ஃப்ரிக்கென் ஏரியையும் எழுதிய செல்மா லாகர்லோஃபுக்கு 1909இல் நோபல் பரிசு கிடைத்தது. பயணிகள் இன்னும் அவர் வீட்டைத் தேடிப்போகிறார்கள். லாகர்லோஃப் பெரிய எழுத்தாளர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நிலம் எந்தக் கதை வழியாகச் சுற்றுலா நிலமாகிறது, எந்தக் கதை அங்கே ஓரத்துக்குப் போகிறது என்பது இலக்கியத் தரம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமில்லை.

இந்தக் காட்டில் சாவகாசமாகப் பயணம் செய்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கார்ல் ஆக்ஸெல் காட்லுண்ட், பின்லாந்துக்காரர், உப்சாலாவில் மாணவர். 1817லும் 1821லும் ஃபின் காடுகளில் வீடு வீடாக நடந்து, பாட்டு, கதை, குறை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதியதோடு நிற்கவில்லை. எல்லைக்கு இருபுறமும் உள்ள ஃபின்களுக்குத் தனி நிர்வாகப் பகுதியும் தேவாலயமும் வேண்டும் என்று மனுப் போட, காட்டுக்காரர்களின் பிரதிநிதிகளைத் தலைநகருக்கே கூட்டிப்போனார். விளைவு, காட்லுண்டை ஸ்டாக்ஹோமிலிருந்து வெளியேற்றினார்கள். பார்த்து ரசித்துவிட்டுப் போகிற பயணிக்கு அரசு வழிவிடும். பார்த்ததை வைத்துக் கோரிக்கை எழுப்பினால்தான் சங்கடம்.

இனி மிதிவண்டிக்கு வருவோம். ஸ்வீடன் சுற்றுலாச் சங்கம் 1885இல் உப்சாலா அறிஞர்களால் தொடங்கப்பட்டது. 'நாட்டை அறிவது' என்பது அப்போது படித்த கனவான்களின் காரியம். மிதிவண்டியும் முதலில் அவர்கள் பொம்மைதான். துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஹுஸ்க்வார்னா 1896 முதல் மிதிவண்டி செய்தது; இருபதாம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில் அது தொழிலாளியின் வண்டியாயிற்று. ஆனால் வண்டி இருந்து என்ன பயன், நாள் வேண்டுமே. 1938இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. 1951இல் அது மூன்று வாரம், 1963இல் நான்கு, 1978இல் ஐந்து. வேலைநிறுத்தங்களும் கதவடைப்புகளும் மலிந்த ஒரு நாட்டில், தொழிற்சங்கங்களும் சமூக ஜனநாயகக் கட்சியும் சேர்ந்து வாங்கிய நாட்கள் இவை. 1931இல் ஓடாலென் மரக்கூழ் ஆலைப் பகுதியில் ஊர்வலம் போனவர்கள்மீது ராணுவம் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். விடுமுறைச் சட்டத்துக்கு அதற்கு ஏழு வருஷம்தான் இடைவெளி. ஓய்வை வெறும் முதலாளிய மயக்கம் என்று ஒதுக்கும் தோழர்களுக்கு இந்தத் தேதிகளைத்தான் காட்டத் தோன்றுகிறது.

அதிலும் ஒரு ஓட்டை இருந்தது. கூலி வாங்குகிறவனுக்குத்தான் விடுமுறை. கூலியில்லாமல் வீட்டில் உழைக்கிறவளுக்கு? அவள் கூடாரத்திலும் சமைத்தாள், ஏரிக்கரையிலும் துணி துவைத்தாள். 'இல்லத்தரசி விடுமுறை' என்று தனியாக அரசு உதவி 1940களில்தான் வந்தது.

இத்தனை பேர் நகரத்தை விட்டு வெளியே வந்தால் எங்கே தங்குவது? இங்கேதான் 'எல்லார்க்குமான உரிமை' வருகிறது. யாருடைய காடானாலும் சேதமில்லாமல் நடந்து போகலாம், மிதிவண்டியில் போகலாம், ஒரு ராத்திரி கூடாரம் அடிக்கலாம், காட்டுப்பழம், காளான் பறிக்கலாம். இது ஆதிகாலத்து வடநாட்டு மரபு என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் பழைய ஸ்வீடன் சட்டங்களில் இப்படி ஒரு உரிமை எழுதியிருக்கவில்லை. 1864இன் தண்டனைச் சட்டம் பிறர் காட்டில் எடுக்கக்கூடாதவற்றைப் பட்டியல் போட்டது: மரம், பட்டை, கிளை, கொட்டை இப்படி. பழம் அதில் இல்லை, ஆகவே குற்றமில்லை. தடையின் இடுக்கில் பிறந்த சலுகை, விடுமுறைக் காலத்தில்தான் தேசிய உரிமையாக வளர்ந்தது. நார்வே 1957இல் இதைத் தனிச்சட்டமாக்கியது. ஸ்வீடனில் 1994இல் அரசியலமைப்பில் ஒரு வாசகமாக ஏறியது. ஏரிக்கரைகளைப் பணக்காரர்கள் வளைத்துப் போடாமலிருக்க 1950களில் சட்டம் வந்தது. 1975 முதல் பொதுவாக நீர்விளிம்பிலிருந்து 100 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது. இது பெரிய விஷயம். நாம் பொறாமைப்படத்தக்க விஷயம்.

ஆனால் இந்த உரிமையின் இலக்கணம் என்ன? கடந்து போகிறவனுக்கு எல்லாம் உண்டு, தங்குகிறவனுக்கு எதுவுமில்லை. ஒரு ராத்திரிக் கூடாரத்தை அனுமதிக்கும் சட்டத்துக்கு, மூன்று நூற்றாண்டு இருந்த குடியின் நில உறவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. லெக்வாட்னெட் அருகே ரீட்டாமாக்கி என்ற இடத்தில் புகைபோக்கி இல்லாத ஃபின் குடிசை இருக்கிறது. அடுப்புப் புகை கூரையடியில் தேங்கி மேல் துவாரம் வழியாக வெளியேறும் வகை. 1964 வரை அதில் ஆட்கள் வாழ்ந்தார்கள். அந்தப் பத்தாண்டோடு காட்டு ஃபின்களின் பேச்சுமொழியும் நின்றுபோனது. இப்போது குடிசை காட்சிப்பொருள். நார்வே 1990களின் இறுதியில் காட்டு ஃபின்களைத் தேசியச் சிறுபான்மையாக ஏற்றுக்கொண்டது. அதே காலத்தில் ஸ்வீடன் ஏற்ற ஐந்து சிறுபான்மைகளில் ஸ்வீடன் ஃபின்கள் உண்டு, காட்டு ஃபின்கள் தனிப்பெயராக இல்லை.

காடும் அந்தப் பழைய காடில்லை. மெதுவாகப் போகிறவனுக்கு ஒரு லாபம், மரங்களின் வயது கண்ணில் படும். மைல் கணக்கில் ஒரே உயரம், ஒரே இனம், பிறகு திடீரென்று மொட்டை. 1950இல் அரசு வனத்துறை பொறுக்கி வெட்டும் முறையைக் கைவிட்டு மொட்டையடித்து நடும் முறைக்குப் போனது. நட்ட ஊசியிலைகளுக்குப் போட்டியாக முளைக்கும் பிர்ச், ஆஸ்பென் மரங்களைக் கொல்ல ஆகாய விமானத்திலிருந்து 'ஹார்மோஸ்லூர்' என்ற மருந்தை அடித்தார்கள். அதிலிருந்த இரண்டு ரசாயனங்கள்தான் வியட்நாம் காடுகளில் அமெரிக்கா கொட்டிய 'ஏஜென்ட் ஆரஞ்ச்'சிலும் இருந்தவை. தெளிக்கப்பட்ட பழங்களைத்தான் 'எல்லார்க்குமான உரிமை'யோடு ஜனங்கள் பறித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. அவற்றில் ஒன்றான 2,4,5-டி 1977இல் தடை செய்யப்பட்டது. இதைக் கையாண்ட காட்டுத் தொழிலாளர்களிடையே அரிதான புற்றுநோய்கள் அதிகமிருப்பதை லெனார்ட் ஹார்டெல் என்ற மருத்துவர் அந்த வருஷங்களில்தான் எழுதினார். கிளாரால்வென் ஆற்றில் கட்டைகளை மிதக்கவிட்டு ஓட்டும் தொழில் 1991இல் நின்றது. ஸ்வீடனில் கடைசியாக நின்றது அங்கேதான். இப்போது அதே ஆற்றில் சுற்றுலாப் பயணிகள் பணம் கட்டி, கட்டைகளைத் தாங்களே கயிற்றால் கட்டித் தெப்பம் செய்து மிதந்து போகிறார்கள்.

பழம் பறிக்கும் உரிமைக்கு இன்னொரு முகம் வடக்கே இருக்கிறது. ஸ்வீடன், பின்லாந்து இரண்டிலும் வடபகுதிக் காடுகளில் ஒவ்வொரு கோடையும் தாய்லாந்து விவசாயிகள் ஆயிரக்கணக்கில் வந்து கம்பெனிகளுக்காகக் காட்டுப்பழம் பறித்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்பதால் கம்பெனிக்கு நிலவாடகை இல்லை. பின்லாந்தில் நெடுங்காலம் அவர்கள் தொழிலாளர்களாகவே கணக்கில் வரவில்லை. சுற்றுலாப் பயணிக்குக் கொடுக்கிற விசாவில் வந்து, பறித்ததை எடை போட்டு விற்கும் 'சுயதொழில்' ஆட்கள். ஆட்கடத்தல் வழக்குகள் கிளம்பிய பிறகு 2024இல்தான் அந்த விசா வழியை பின்லாந்து நிறுத்தியது. விமானக் கட்டணத்துக்கும் படுக்கைக்கும் காருக்கும் சாப்பாட்டுக்கும் கழித்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் அவர்கள் வருமானமாக இருந்தது. பழம் சரியாகக் காய்க்காத வருஷத்தில் கடனோடு ஊர் திரும்பியவர்கள் உண்டு.