மண்ணுக்குள் ஒரு வெயிற் குதிர்

அறுவடை நெல்லைக் குதிரில் சேர்த்து, வறண்ட மாதங்களில் எடுத்து உண்பது நம் உழவர் கண்ட முறை. வெயிலையும் அவ்வாறு சேர்த்து வைக்கலாகுமா? பனி மிகுந்த வடநாடுகளில் இவ்வினா வாழ்க்கையோடு ஒட்டியது. அங்கே கோடையில் கதிரவன் வழங்கும் வெப்பம் வேண்டுவாரின்றிக் கழிகிறது. வீடுகளுக்கு வெப்பம் இன்றியமையாத குளிர்காலத்திலோ பகற்பொழுதே சுருங்கிவிடுகிறது.

1973ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி நேர்ந்த பின்னர், ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் இதற்கு விடை காண முற்பட்டனர். 1983இல் உப்சாலா நகருக்கு அருகே லிக்கெபோ என்னுமிடத்தில் பாறையைக் குடைந்து, ஒரு லட்சம் கன மீட்டர் வெந்நீர் கொள்ளும் குகையொன்றை அமைத்தனர். மண்ணும் பாறையும் வெப்பத்தை விரைந்து கடத்துவன அல்ல. மேலும், சேமிப்பிடம் பெரிதாகுந்தோறும், அதன் கொள்ளளவை நோக்க மேற்பரப்பு சிறிதாகிறது. ஆகவே இழப்பும் குறைகிறது. இவ்விரு உண்மைகளே இம்முயற்சிக்கு அடிப்படை.

இக்கருத்து 2007இல் கனடாவில் புதியதோர் உருப் பெற்றது. ஆல்பர்ட்டா மாகாணத்து ஒக்கடோக்ஸ் என்னும் ஊரில் 52 வீடுகள் கொண்ட டிரேக் லாண்டிங் குடியிருப்பு எழுந்தது. கார்க் கொட்டகைகளின் கூரைமேல் ஏறத்தாழ 800 வெப்பமேற்கும் தகடுகள் பதிக்கப்பட்டன. அருகில், சுமார் 35 மீட்டர் ஆழமுள்ள 144 துளைகள் இடப்பட்டு, அவற்றுள் குழாய்கள் இறக்கப்பட்டன. கோடையில் சூடான நீர் அக்குழாய்களில் ஓடி நிலத்தைச் சூடேற்றும். குளிர்காலத்தில் அந்நிலமே நீரைச் சூடாக்கி வீடுகளுக்கு அனுப்பும்.

நிலம் உடனே பயன் தந்துவிடவில்லை. அது வெம்மையேறி நிலைபெறச் சில ஆண்டுகள் சென்றன. அவ்வாறு பொறுத்திருந்ததன் பயனாக, 2015–16ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவ்வீடுகளை வெப்பமூட்டத் தேவைப்பட்டது முழுவதையும் கதிரவனே அளித்தான்.

ஆயினும், காலப்போக்கில் கருவிகள் பழுதுற்றன. அவற்றுக்கான மாற்றுறுப்புகளும், செப்பனிட வல்லாரும் கிடைப்பது அரிதாயிற்று. 2024இல் அவ்வமைப்பு நிறுத்தப்பட்டது; வீடுகள் எரிவாயுவுக்கு மாறின. ஓர் ஊருக்கென்றே தனியாக அமைந்த பொறி முதுமையடைந்தால் அதைப் பேணுவோர் யார் என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை.

கோடை வெப்பத்தைக் குளிர்காலம்வரை மண் காத்துத் தரும் என்பது அவ்வூரில் ஐயமற மெய்ப்பிக்கப்பட்டது. இனி இத்தகைய குதிர் கட்ட விழைவோர், கட்டும் செலவோடு, பல்லாண்டுகள் அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பையும் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.